பள்ளிப்பட்டு என்ன வெளிநாடா?



"ஒரே நாடு, ஒரே வரி, ஒரே சந்தை" என்று 2017 ஜூன் 30 நள்ளிரவில் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் விழா எடுத்தார்கள். சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் அகற்றப்பட்டன. லாரிக்கு வழி பிறந்தது. ஆனால் கங்காதர நெல்லூரில் அடுப்படியில் ஊறுகாய் போட்டு விற்கும் பெண்ணுக்கு வழி பிறந்ததா? இதுதான் நம் கேள்வி.

நம் குடும்பங்களின் நிலை ஊரறிந்தது. ஆண்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் கூலிக்குப் போகிறார்கள். அவர்கள் அனுப்பும் பணம் கடனுக்கும் கல்விக் கட்டணத்துக்குமே பற்றுவதில்லை. வீட்டில் இருப்பவர்கள் ரவிக்கை தைக்கிறார்கள், மசாலாப் பொடி இடிக்கிறார்கள், மாங்காய் ஊறுகாய் போடுகிறார்கள். கைப்பேசி வழியாக இணையச் சந்தையில் விற்கலாம் என்ற வாய்ப்பு வந்ததும் ஆவலோடு அதில் இறங்கினார்கள். அங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? பொருள் விற்கும் சாதாரணக் கடைக்காரர் தம் மாநிலத்துக்குள் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை விற்றால் ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. 2019 ஏப்ரல் 1 முதல் ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் இதுவே வரம்பு. ஆனால் அதே பொருளை இணையச் சந்தையில் விற்றால், நூறு ரூபாய்க்கு விற்றாலும் பதிவு கட்டாயம் என்று வைத்திருந்தார்கள். ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த அநியாயம் நடந்தது. பிறகு, 2023 அக்டோபர் 1 முதல் ஒரு சலுகை வந்தது. வரம்புக்குக் கீழே விற்பவர் பான் எண்ணையும் முகவரியையும் ஜி.எஸ்.டி. தளத்தில் பதிந்து ஒரு சேர்க்கை எண் பெற்றால் போதும். முழுப் பதிவு வேண்டாம்.

சலுகையை வரவேற்கிறோம். ஆனால் அதன் வாலில் கட்டியிருக்கும் நிபந்தனைகளைப் பாருங்கள். ஒன்று, மாநிலத்துக்கு வெளியே ஒரு பொட்டலம்கூட விற்கக் கூடாது. இரண்டு, ஒரே ஒரு மாநிலத்திலிருந்துதான் விற்க வேண்டும்.

இங்கேதான் எல்லைப்புறத் தமிழனின் வயிற்றில் அடி விழுகிறது. நம் ஊறுகாயின் ருசி அறிந்தவர்கள் யார்? வேலூரிலும் திருத்தணியிலும் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் நம் உறவுக்காரர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும்தான். அவர்கள் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் வெளிமாநிலத்தார். எழுநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ஸ்ரீகாகுளத்துக்கு அனுப்பலாம், அது உள்மாநிலம். ஒரே பேருந்தில் போய்த் திரும்பும் பள்ளிப்பட்டுக்கு அனுப்பினால் குற்றம்! இணையச் சந்தையை விட்டுவிட்டு, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துக் கூரியரில் அனுப்பினாலும் இதே கதைதான். வரிக்குரிய பொருளை வெளிமாநிலத்துக்கு விற்பவர் முதல் ரூபாயிலிருந்தே பதிவு பெற வேண்டும். பதிவில்லாமல் விற்றால் அபராதம் பத்தாயிரம் ரூபாய், அல்லது ஏய்த்ததாகச் சொல்லப்படும் வரித்தொகை, எது அதிகமோ அது.

பள்ளிப்பட்டு என்ன வெளிநாடா? 1953 வரை நாமும் அவர்களும் ஒரே சென்னை மாநிலம். 1960 மார்ச் 31 வரை ஒரே சித்தூர் மாவட்டம். படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டும் தமிழகத்தோடு சேர்ந்தன. நாம் இந்தப் பக்கம் நின்றோம். எல்லைக்கோடு நிலத்தில் விழுந்தது. பெண் கொடுத்தவர்களும் பெண் எடுத்தவர்களும் கோட்டின் இருபுறமும் இருந்தார்கள். அந்தக் கோட்டை இன்று ஊறுகாய் ஜாடியின் மேலும் இழுக்கிறது இந்தச் சட்டம்.

"பதிவு பெற்றால்தான் என்ன?" என்று மேதாவிகள் கேட்கக்கூடும். பதிவுக்குக் கட்டணமில்லை, உண்மைதான். ஆனால் தொழில் இடத்துக்குச் சான்று வேண்டும். சொந்த வீடென்றால் வரி ரசீது அல்லது மின்கட்டண ரசீது. வாடகை வீடென்றால் ஒப்பந்தம் அல்லது உரிமையாளரின் ஒப்புதல் கடிதம். ஜி.எஸ்.டி. என்ற பெயரைக் கேட்டதும் எந்த வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுகிறார்? பட்டா இல்லாத வீட்டில் இருப்பவர் எங்கே போவார்? பதிவு கிடைத்த பிறகும் விற்றாலும் விற்காவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். விற்பனையே இல்லாத காலத்துக்கான கணக்கு தாமதமானாலும் நாளொன்றுக்கு 20 ரூபாய், 500 ரூபாய் வரை. விற்பனை இருந்தால் நாளொன்றுக்கு 50 ரூபாய், சிறு வியாபாரிக்கு 2,000 ரூபாய் வரை. இதற்குப் பயந்து ஆடிட்டரிடம் போனால் ஊறுகாயில் வந்த லாபம் அவர் கட்டணத்துக்கே சரியாகிவிடும்.

"வெளிமாநில விற்பனைக்கு விலக்குக் கொடுத்தால், பொருள் போய்ச் சேரும் மாநிலத்துக்கு வர வேண்டிய வரி போய்விடுமே" என்பது அரசின் வாதம். அப்படியானால் ஒன்று கேட்கிறோம். சேவை விற்பவருக்கு ஆண்டுக்கு 20 லட்சம் வரை, வெளிமாநிலத்துக்கு விற்றாலும், இணையத் தளம் வழியாக விற்றாலும், பதிவு வேண்டாம் என்று 2017 அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே அறிவித்தீர்களே! கணினியில் படம் வரைந்து டெல்லிக்கு விற்பவருக்கு ஒரு நீதி, அம்மியில் அரைத்து ஆற்காட்டுக்கு விற்பவருக்கு ஒரு நீதியா? இணையச் சந்தையில் ஒவ்வொரு பார்சலின் முகவரியும் தொகையும் நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கை அரசு கேட்டு வாங்கட்டும். சுமையை ஏழையின் தலையில் ஏன் ஏற்ற வேண்டும்?

2025 செப்டம்பர் 3 அன்று கூடிய ஜி.எஸ்.டி. மன்றத்தின் 56ஆவது கூட்டம், பல மாநிலங்களில் இணையம் வழி விற்கும் சிறியவர்களின் பதிவை எளிதாக்கக் கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. பதிவை எளிதாக்குவது வேறு. சிறியவருக்குப் பதிவே வேண்டாம் என்பது வேறு. நாம் கேட்பது இரண்டாவது.

வரி கட்ட மாட்டோம் என்று நாம் சொல்லவில்லை. ஒன்றும் தெரியாதவர்போல் இருப்பதும் ஆபத்து. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவுகளைப் பார்த்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியதைப் பெங்களூரில் இருக்கும் நம் பிள்ளைகள் கண்ணால் கண்டார்கள். கடைக்காரர்கள் ஒன்றுபட்டுக் குரல் கொடுத்த பிறகே, பதிவு செய்தால் பழைய பாக்கியைக் கேட்க மாட்டோம் என்று மாநில அரசு இறங்கி வந்தது. அதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

ஆகவே உடனே செய்ய வேண்டியவை: ஆந்திரத்துக்குள் மட்டும் விற்பவர்கள் சேர்க்கை எண் பெறுங்கள். கண்ணாடி வளையல் போன்ற வரியில்லாப் பொருளை மட்டுமே விற்பவருக்குப் பதிவுக் கட்டாயம் இல்லை. தின்பண்டம் விற்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு தனியாக வேண்டும். உத்யம் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்பவன் தரகன். உங்கள் பான், ஆதார், கைப்பேசிக்கு வரும் ரகசிய எண் ஆகியவற்றை எவரிடமும் கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில் போலி நிறுவனம் தொடங்கிவிடுவார்கள். ஆண்டுக்கு 5 லட்சத்துக்குள் விற்கும் தனிநபர் பான் அல்லது ஆதார் கொடுத்திருந்தால், இணையச் சந்தை வருமானவரி பிடிக்கக் கூடாது. ஒவ்வொரு விற்பனையையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

அரசிடம் நம் கோரிக்கைகள்:

1. சேவைக்குத் தந்த 20 லட்சம் வரம்பை, இணையச் சந்தை வழியாக வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்பவருக்கும் தர வேண்டும்.

2. பிழைப்புக்காக இரண்டு மாநிலங்களில் வாழும் குடும்பங்களுக்கு ஒரே மாநில நிபந்தனையைத் தளர்த்த வேண்டும்.

3. வீட்டுக்காரர் கையெழுத்துக்குப் பதிலாகக் குடும்ப அட்டையை முகவரிச் சான்றாக ஏற்க வேண்டும்.

4. எல்லைப்புற மண்டல அலுவலகங்களில் தமிழிலும் தெலுங்கிலும் இலவச உதவி முகாம் நடத்த வேண்டும்.

இந்த நான்கையும் மனுவாக எழுதி, ஊர் ஊராகக் கையெழுத்து வாங்குவோம். சித்தூர், திருப்பதி மாவட்ட ஆட்சியர்களிடமும், நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களிடமும் நேரில் கொடுப்போம். தெலுங்கு பேசும் சிறு விற்பனையாளர்களுக்கும் இதே துயரம்தான். அவர்களையும் உடன் அழைப்போம். இது மொழிச் சண்டையல்ல, உழைப்பவரின் வயிற்றுப் பாடு. பெரிய முதலாளியின் சரக்கு தடையின்றி ஓடும் பாதையில் நம் சிறு பொட்டலமும் போய்ச் சேர வேண்டும். அதுவரை கேட்டுக்கொண்டே இருப்போம்.