சொல்லில் தூய்மை, உடையில் இரவலா?

வைகை அணைப் பூங்காவிற்குச் சென்று பாருங்கள்! 1959-இல் திறக்கப்பெற்ற, 71 அடி நீர் தேக்கும் அவ்வணைக்கரையில் உலவும் நம் இளைஞர் மார்பிலெல்லாம் அயல்நாட்டு நிறுவனங்களின் பெயர்கள்! விலையும் கொடுத்து, கூலியின்றி விளம்பரமும் சுமக்கும் அடிமைகளை வேறெங்குக் கண்டீர்?

அணைக்கு அணித்தே ஆண்டிபட்டிச் சக்கம்பட்டி, நெசவை நம்பி வாழும் ஊர். சேலை, வேட்டி வகைகள் சிலவற்றைக் கைத்தறிக்கே உரியன என 1985-இல் தில்லி அரசு சட்டம் இயற்றிற்று. சட்டம் இருக்கிறது, வாங்கும் கை எங்கே?

பிறரை ஏன் பழிப்பானேன்? 'சர்ட்டு' என்பாரை இடைமறித்துச் 'சட்டை' எனத் திருத்தும் நம்மவர், தாம் அணிந்த சட்டையின் இழை கல்நெய்யிற் பிறந்தது என்பதை எண்ணினாரா? வெயில் காயும் இந்நிலத்தில் வியர்வை உறிஞ்சாத அது எதற்கு? காந்தியார் கொள்கை பலவற்றில் நமக்கு உடன்பாடில்லை. எனினும் 1921-இல் மதுரையில் ஏழையர் உடை கண்டு அவர் அரையாடைக்கு மாறியது நேர்மை.

பாட்டியின் நூற்சேலையை எறியாதீர்! கிழிந்ததைத் தைத்து உடுப்பது இழிவன்று. ஆண்டுக்குப் பத்து வாங்கிக் குப்பையில் கொட்டுவதே இழிவு. கைத்தறி விலை மிகுதி என்பீர். மிகுதிதான், அது நெய்தவன் சோறு. பத்துக்கு மாற்றாக இரண்டு வாங்குக! வரும் பொங்கலுக்குக் கைத்தறிதானா எனக் கேட்டறிந்து வாங்குக. விலையைக் குறைக்கச் சொல்லாதீர்!