கடலோர நடைக்கு மேப் மட்டும் போதாது

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் விரும்பிச் செய்யும் வேலைகளில் ஒன்று, உட்கார்ந்த இடத்திலேயே ஊர் சுற்றுவது. கூகுள் மேப்பைத் திறந்து, மவுஸ் சக்கரத்தை உருட்டி, எங்கோ உள்ள ஊர்களின் தெருக்களைப் பார்க்கிறோம். இதில் தவறே இல்லை. ஆனால், அந்த மேப்பை மட்டும் நம்பிப் பயணத் திட்டம் போடலாமா? கூடாது என்பது என் கருத்து. எனக்கு ஏற்பட்ட அனுபவத்தைச் சொல்கிறேன்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஆரன் என்றொரு தீவு உள்ளது. கடற்கரையை ஒட்டியே அந்தத் தீவைச் சுற்றிவர ஒரு நடைபாதை இருக்கிறது. மொத்தம் 65 மைல், அதாவது ஏறக்குறைய 105 கிலோ மீட்டர். பிராடிக் என்ற துறைமுக ஊரில் தொடங்கி அங்கேயே முடிகிறது. இந்தப் பாதையை நடந்து முடிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். எக்ஸெல் ஒர்க் ஷீட் ஒன்றில் நாள், ஊர், தூரம், நேரம், தங்குமிடம் எனப் பத்திகள் போட்டேன். தீவுக்குச் செல்லும் ஃபெரி ஆர்ட்ராசன், ட்ரூன் என்ற இரு துறைமுகங்களிலிருந்தும் இயக்கப்பட்டிருப்பதால், டிக்கெட் எடுக்கும்போது எந்தத் துறைமுகம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும் எனவும் குறித்தேன். கூகுள் மேப்பில் மவுஸின் வலது பட்டனை அழுத்தினால் தூரம் அளக்கும் வசதி கிடைக்கும். அதில் கரையோரமாகக் கிளிக் செய்துகொண்டே போய்த் தூரத்தை அளந்தேன். மணிக்கு 4 கிலோ மீட்டர் என்று வகுத்தேன். நேரம் வந்துவிட்டது. ஒரே மாலையில் வேலை முடிந்ததாக நினைத்தேன்.

மறுநாள் அந்தப் பாதையைப் பற்றிய வழிகாட்டிக் குறிப்புகளைப் படித்தபோதுதான் திடுக்கிட்டேன். தெற்குக் கரையில் கில்டோனன் என்ற ஊரிலிருந்து லாக் என்ற ஊருக்குப் போகும் வழியில் பென்னன் ஹெட் என்ற செங்குத்தான முனை இருக்கிறது. அதன் அடியில் பிளாக் கேவ் என்ற பெரிய குகை. அந்த இடத்தைக் கடல் இறங்கியிருக்கும்போது மட்டுமே கடக்க முடியும். பெரிய பெரிய பாறைகள் மீது ஏறி இறங்க வேண்டியிருப்பதால் மணிக்கு 4 கிலோ மீட்டர் கணக்கும் அங்கே செல்லாது. கடல் ஏறிவிட்டால் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறு பக்கம் தண்ணீர்.

மேப் ஏன் இதைச் சொல்லவில்லை? அதில் நிலத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரே ஒரு கோடுதான் இருக்கிறது. உண்மையில் அந்தக் கோடு தினமும் இரண்டு முறை முன்னே வருகிறது, இரண்டு முறை பின்னே போகிறது. 1791இல் தொடங்கிய பிரிட்டனின் ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 அளவு வரைபடங்களில் கடல் ஏறும் எல்லை, இறங்கும் எல்லை இரண்டும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். காசு கொடுத்து அந்தக் காகித வரைபடத்தை வாங்குவது வீண் செலவல்ல. பேட்டரி தீர்ந்தாலும் அது வேலை செய்யும்.

அடுத்து ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியல். அடுத்த சில நாட்களுக்கான நேரங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். எனவே இன்றைய நேரம் நாளைக்குப் பொருந்தாது, சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக இறங்கும். இதற்கு நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே உதவும்!

இங்கேயும் ஒரு தவறு செய்தேன். சில பட்டியல்கள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைப்பார்கள் என்பதால், அந்த நாட்களில் ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். நானும் கூட்டினேன். ஆனால், நான் எடுத்த பட்டியலில் அந்த ஒரு மணி ஏற்கெனவே கூட்டப்பட்டிருந்தது! மேலே சிறிய எழுத்தில் இருந்த குறிப்பை நான் படிக்கவில்லை. அந்தத் திட்டப்படி போயிருந்தால், கடல் திரும்பி ஏறத் தொடங்கிய பிறகுதான் குகையருகே போய்ச் சேர்ந்திருப்பேன். எக்ஸெல் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. கொடுத்த எண்ணைச் சரியாகக் கூட்டியது, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பிளாக் கேவ் பற்றிய எச்சரிக்கையை எனக்குக் காட்டியதும் அதே கம்ப்யூட்டர்தான். கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லும். நாம் கேட்க மறந்ததை அதுவாக நினைவூட்டாது. எனவே தூரம், தங்குமிடம் பார்த்ததும் திட்டம் முடிந்தது என எண்ணி ஃபைலை மூடிவிடாதீர்கள். அங்கே நடந்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். எந்த நேரக் கணக்கு என்று பாருங்கள். புறப்படும் வாரத்தில் ஓத நேரங்களைப் பிரிண்ட் எடுத்து வரைபடத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஒர்க் ஷீட்டில் இப்போது இரண்டு பத்திகள் கூடியிருக்கின்றன. ஒன்று, கடல் இறங்கும் நேரம். மற்றொன்று, நேரம் தவறினால் எந்த வழி என்பது. பென்னன் ஹெட்டுக்கு உள்நாட்டு வழியாகச் சுற்றிப் போகும் மாற்றுப் பாதை இருக்கிறது. சந்தேகம் வந்தால் அதில்தான் நடப்பேன். குகையைப் பார்க்காமல் திரும்பினாலும் பரவாயில்லை.