வெறுமையைப் பாடியவர்கள்

நம்பிக்கையைப் பாடுபவன் முற்போக்காளன். துயரத்தைப் பாடுபவன் நசிவுவாதி. இத்தகைய எளிய வாய்பாட்டைக் கைக்கொண்டு கலையை நிறுத்துப் பார்க்கும் விமர்சகர் இன்றும் உளர். அவர்தம் தராசு எவ்வளவு பழுதுடையது என்பதைக் காட்ட, 'ஜாக்ஸ்' என்னும் யப்பானிய இசைக்குழுவின் குறுகிய வாழ்வொன்றே போதும்.

ஹயகாவா யோஷியோ என்னும் இளைஞரின் தலைமையில் இயங்கிய இக்குழுவின் முதல் இசைத்தொகுப்பு 1968 செப்டெம்பரில் வெளிவந்தது. மறு ஆண்டிலேயே குழு கலைந்தது. மின்கித்தாரின் அதிர்வோடு புல்லாங்குழலும் கலந்த அவ்விசையைச் 'சைக்கெடெலிக் றொக்' என வகைப்படுத்துவர். போதையின் இசை எனப் பெயர்பெற்ற வகை அது. ஆயின் இவர்கள் பாடியது மயக்கத்தையன்று. தனிமையை, பேச்சிழந்த நிலையை, உள்ளத்தின் வெறுமையைப் பாடினார்கள்.

அவ்வெறுமை வானத்திலிருந்து விழுந்ததா? 1968இல் யப்பான் மேற்கு ஜேர்மனியை விஞ்சி, முதலாளித்துவ உலகின் இரண்டாவது பெரும் பொருளாதாரமாயிற்று. அதே ஆண்டில் அதன் பல்கலைக்கழகங்கள் கொந்தளித்தன. 1969 ஜனவரியில் தோக்கியோப் பல்கலைக்கழகத்தின் யசுதா மண்டபத்திலிருந்து மாணவரை வெளியேற்ற ஆயிரக்கணக்கான பொலிசார் ஏவப்பட்டனர். உற்பத்திக் கணக்கு உயர உயர, தன் வாழ்வின் பொருள் யாதென வினவிய இளைஞனுக்குத் தடியடியே விடையாகக் கிடைத்தது. இத்தகைய சமுதாயத்தில் வெறுமையைப் பாடுவது நசிவா, சாட்சியமா?

இசை வணிகர் விரும்பியது வேறு. 1966இல் பீற்றில்ஸ் குழுவினர் தோக்கியோவில் பாடிச் சென்றபின், 'குறூப் சவுண்ட்ஸ்' என்ற பெயரில் இளைஞர் குழுக்கள் பல சந்தைக்கு வந்தன. ஒரேவித உடை, தொழில்முறைப் பாடலாசிரியர் எழுதித்தந்த காதற் பாட்டு, இதுவே பெரும்பாலும் வெற்றியின் அச்சு. ஜாக்ஸ் குழுவினரோ தம் பாட்டைப் பெரும்பாலும் தாமே எழுதினர். இசைத்தட்டுகள் விற்பனையாகவில்லை. 'வெறுமையான உலகம்' என்ற அவர்தம் பாடல், ஊமையரைக் குறிக்கும் ஒரு சொல்லின் பொருட்டு ஒலிபரப்பினின்றும் விலக்கப்பட்டது. அச்சொல்லால் இழிவுற்றோரின் மனக்குறை நியாயமானதே. ஆயின் பாடியவன் ஊமையெனச் சொன்னது பிறரையன்று, தன்னையே.

அவர்தம் தொகுப்பை வெளியிட்ட தொஷிபா நிறுவனந்தான், பிளவுண்ட கொரியாவின் துயரைப் பாடும் 'இம்ஜின் ஆறு' இசைத்தட்டை 1968 பெப்ரவரியில், விற்பனைக்கு வருமுன்னரே நிறுத்திக்கொண்டது. ஒன்று அரசியற் பாடல். மற்றொன்று அகத்தின் பாடல். இரண்டும் மக்களின் செவியை எட்டுமா என்று தீர்மானிக்கும் அதிகாரம் பாடியவரிடமும் இல்லை, கேட்பவரிடமும் இல்லை. அது முதலாளியிடமும் ஒலிபரப்பாளரிடமும் இருந்தது. பாட்டு சோகமானதா, மகிழ்ச்சியானதா என்று வாதிடும் நம் விமர்சகர் இவ்வினாவை ஏன் எழுப்புவதில்லை?

யப்பானிலேயே இதனை எழுப்பியவர் இருந்தனர். பெரிய கம்பனிகள் வெளியிட மறுக்கும் பாடல்களை உறுப்பினருக்கு நேரே அனுப்பும் இசைத்தட்டுக் கழகம் ஒன்று 1969இல் தோன்றியது. குழு கலைந்தபின் ஹயகாவாவும் அங்கே பணியாற்றினார். பின்னர் இசையைத் துறந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புத்தகக்கடை நடத்தினார். 1990களிலேயே மீண்டும் பாட வந்தார்.

இன்று அதே இசைத்தட்டுகள் 'அரிய பொக்கிஷம்' என்று விலைகூறப்படுகின்றன. அன்று விலைபோகாத துயரம் இன்று பண்டமாகிவிட்டது. வெறுமையே விடுதலையின் பாதை என நாம் கூறவில்லை. வெறுமை மட்டும் எச்சிறையையும் உடைத்ததில்லை. ஆயின் நோயைச் சொன்னவனையே நோயென்று பழிப்பவன் மருத்துவனாகான். பாடகனின் துயரைப் பழிக்குமுன், அத்துயரை விளைத்தவர் எவர், அதன் குரலை அடைத்தவர் எவர், பின்னர் அதனையே விற்று இலாபம் கண்டவர் எவர் என்று கேட்போம். முற்போக்கு விமர்சனம் அங்கேதான் தொடங்குகிறது.