‘பழகிப்போச்சு’ என்று சொன்னால் நம்பாதீர்கள்!

ஊட்டிக் குளிர் என்றால் நமக்கு ஆசை. பெட்டி கட்டிக்கொண்டு போகிறோம். குல்லா வாங்கி மாட்டிக்கொள்கிறோம். புல்வெளியில் உப்பைக் கொட்டியதுபோல் உறைபனி படர்ந்திருப்பதைப் படம் பிடிக்கிறோம். இரண்டு நாள் இருந்துவிட்டுக் கீழே இறங்கிவிடுகிறோம்.

அந்த ஊரிலேயே குடியிருப்பவர்கள் எங்கே இறங்குவார்கள்?

அதிலும் வயதானவர்களை நினைத்துப் பாருங்கள். வேலையில் இருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு, கணவனும் மனைவியுமாக இருவர் மட்டும் வாழும் வீடுகள் அங்கே அநேகம். அவர்களுக்குக் குளிர் வேடிக்கை அல்ல. நவம்பரில் வந்து பிப்ரவரி வரை தங்கிவிடும் அழையாத விருந்தாளி அது.

“கஷ்டமாக இல்லையா?” என்று கேட்டால், “எங்களுக்கு எல்லாம் பழகிப்போச்சு” என்பார்கள்.

இந்தச் சொல்லை நம்பக்கூடாது என்பதுதான் என் கட்சி.

செடிக்கும் போர்வை

ஊட்டி, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழைக் காலம் முடிந்ததும் வானம் தெளிந்துவிடும். பகலில் நல்ல வெயில் அடிக்கும். ஆனால், பகலில் நிலம் வாங்கிய சூடு முழுவதும் இரவில் மேலே போய்விடும்.

மேகம் இருந்தால் அது கம்பளிபோல் சூட்டைத் தடுத்து வைக்கும். மேகமும் இல்லை, காற்றும் இல்லை என்றால் தடுப்பதற்கு ஒன்றும் இல்லை. குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீர்போல் பள்ளத்தை நோக்கி ஓடி, அங்கே தேங்கி நிற்கும்.

முதலில் நீர்ப்பனி விழும். பிறகு உறைபனி. விடியற்காலையில் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற இடங்களில் 0 டிகிரியையும் தொட்டுவிடும். தேயிலைக் கொழுந்து கருகிப்போகும். தாவரவியல் பூங்காவில் செடிகளை மூடிப் பாதுகாக்கிறார்கள்.

செடிக்குப் பழகவில்லை என்று நமக்குத் தெரிகிறது. மனிதருக்கு மட்டும் பழகிவிட்டது என்று எப்படி நினைக்கிறோம்?

ஒரு நாள் பொழுது

ஒரு தம்பதியை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வயது 72. தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதியவர். அந்த அம்மாவுக்கு 67. இப்படிப்பட்டவர்களை நீலகிரியில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

காலை 4 மணிக்கே விழிப்பு வந்துவிடும். வயதான காலத்துத் தூக்கம் அவ்வளவுதான். ஆனால், போர்வையை விலக்க மனம் வராது. அம்மாதான் முதலில் எழுந்திருப்பார். குழாய்த் தண்ணீர் ஊசிபோல் குத்தும். தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கல்லாக இருக்கும். முதல் நாள் ஆட்டி வைத்த இட்லி மாவு பொங்கியிருக்காது. மாவுப் பாத்திரத்துக்கும் ஒரு பழைய கம்பளியைச் சுற்றி வைக்கவேண்டும். துவைத்த துணி மூன்று நாள் ஆனாலும் காயாது.

அடுப்பைப் பற்ற வைத்ததும் அம்மா செய்கிற முதல் வேலை காப்பி போடுவது அல்ல. இரண்டு கைகளையும் நெருப்புக்கு நேரே காட்டுவார். விரல் வளைந்தால்தானே டம்ளரைப் பிடிக்கலாம்!

எட்டு மணி வாக்கில் வாசலில் வெயில் விழும். அதுதான் அவர்களுக்குப் பொற்காலம். இரண்டு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவர் பத்திரிகை படிப்பார். அம்மா அவரைக்காய் ஆய்வார். வெயில் நகர நகர நாற்காலியும் நகரும்.

மாலையில் மலைக்குப் பின்னால் சூரியன் மறைந்ததும் கதவு, ஜன்னல் எல்லாம் அடைபடும். ஏழு மணிக்குச் சாப்பாடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

“மாத்திரை போட்டீங்களா?”

“போட்டாச்சு. நீ காலுக்கு சாக்ஸ் போட்டியா?”

“ஹீட்டரைப் போடட்டுமா?”

“வேண்டாங்க. எனக்குக் குளிரலை. கரண்ட் பில் ஏறிடும்.”

“எனக்கும் குளிரலை.”

இரண்டுமே பொய்! அவர் செலவுக்குப் பயப்படுவாரே என்று மனைவி சொல்கிறார். மனைவி வருந்துவாரே என்று கணவர் சொல்கிறார். ஒருவருக்காக ஒருவர் நடுங்குகிறார்கள்.

அந்த நேரம் சென்னையில் இருந்து மகன் பேசுவான். “அப்பா, அங்கே ரொம்பக் குளிராமே?” என்பான். “அதெல்லாம் பழகிப்போச்சுப்பா” என்று பதில் வரும். மகன் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவான்.

அந்தக் காலத்தில் இல்லையா?

“எங்கள் பாட்டன் காலத்தில் ஹீட்டர் ஏது? அவர்கள் வாழவில்லையா?” என்று சிலர் கேட்கலாம்.

வாழ்ந்தார்கள். ஆனால், எப்படி வாழ்ந்தார்கள்? வீட்டில் எட்டுப் பேர், பத்துப் பேர். சமையல் அறையில் விறகு அடுப்பு காலை முதல் இரவு வரை எரியும். தாத்தாவுக்கு ஒரு பக்கம் ஒரு பேரன், மறு பக்கம் இன்னொரு பேரன் படுத்திருப்பான். அந்தச் சூட்டுக்கு விலை உண்டா?

இப்போது காஸ் அடுப்பு. புகை இல்லை, நுரையீரலுக்கு நல்லதுதான். ஆனால், பத்து நிமிஷம் எரிந்து அணைந்துவிடும். வீடு சூடாகாது. ஆறு பேர் இருந்த வீட்டில் இப்போது இருவர். மலைக் குளிர் கூடவில்லை என்றாலும் வீட்டுக்குள் குளிர் கூடிவிட்டது. இதைத்தான் நாம் கவனிக்கவில்லை.

உடம்புக்குத் தெரியாது

வயது ஏற ஏறத் தசை குறைகிறது, தோல் மெலிகிறது. நடுக்கம் என்பது உடம்பு தானே சூடு உண்டாக்கும் வழி. முதுமையில் அதுவும் குறைகிறது. குளிர்கிறது என்ற உணர்ச்சியே மங்கிவிடுகிறது. ஆகவே, “குளிரலை” என்று அவர்கள் சொல்வது சில சமயம் பொய்கூட அல்ல. உண்மையிலேயே தெரிவதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ரத்த அழுத்தம் ஏறுகிறது. இதயத்துக்கு வேலை கூடுகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் குளிர்காலத்தில் அதிகம் வருவது இதனால்தான். தாகம் எடுக்காது. இரவில் எழுந்திருக்கவேண்டுமே என்று பயந்து தண்ணீரையும் குறைத்துவிடுவார்கள். அதுவும் கெடுதல்.

2015-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்ற மருத்துவ இதழில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. 13 நாடுகளில் நிகழ்ந்த சுமார் 7 கோடியே 40 லட்சம் மரணங்களை ஆராய்ந்தார்கள். வெயிலின் கொடுமையால் நேர்ந்தவை 100-க்கு அரைகூட இல்லை. குளிரால் நேர்ந்தவை 100-க்கு 7-க்கும் மேல்! அவற்றிலும் பெரும்பாலானவை கடுங்குளிரால் அல்ல. சாதாரணக் குளிரால் நேர்ந்தவை.

வெயில் சத்தம் போட்டுக் கொல்கிறது. குளிர் சத்தம் இல்லாமல் கொல்கிறது.

வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி சூடு இருக்கவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் சொன்னது. முதியவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்றும் சொன்னது.

ஹீட்டர் ஆடம்பரமா?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 1,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். காலையில் 2 மணி நேரம், இரவில் 2 மணி நேரம் என்றால் நாளைக்கு 4 யூனிட். இரண்டு மாதத்தில் 240 யூனிட். விளக்கு, குளிர்பதனப் பெட்டி, வெந்நீர் எல்லாம் தனி. பென்ஷன் பணத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவர்கள் ஹீட்டரின் பொத்தானை அணைப்பதில் ஆச்சரியம் என்ன?

மலையில் வேலை பார்க்கும் அரசு ஊழியர்களுக்குக் குளிர்காலப்படி என்று ஒன்று உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால், அது சம்பளத்தோடு வருவது. சம்பளம் நின்றால் அதுவும் நின்றுவிடும். குளிர் நிற்குமா? வாலிபத்தில் குளிரைத் தாங்கினவருக்குப் படி! முதுமையில் தாங்க முடியாதவருக்கு ஒன்றும் இல்லை! இது என்ன நியாயம்?

இங்கிலாந்தில் 1997 முதல் முதியவர்களுக்குக் குளிர்கால எரிபொருள் பணம் என்று தனியாகக் கொடுத்து வந்தார்கள். 2024-இல் அதைப் பெரும்பாலோருக்கு நிறுத்தினார்கள். ஒரே கூக்குரல்! 2025-இல் பணக்காரர்களைத் தவிர மற்றவர்களுக்குத் திரும்பவும் கொடுத்தார்கள். முதியவர்களுக்குச் சூடு என்பது ஆடம்பரம் அல்ல, சோறுபோல் அவசியம் என்று அந்த நாடு ஒப்புக்கொண்டது. நம் மலை ஊர்களில் வாழும் முதியவர்களுக்கு, குளிர்கால மாதங்களில் மட்டுமாவது, மின் கட்டணத்தில் சலுகை கொடுப்பதுபற்றி அரசாங்கம் யோசிக்கவேண்டும்.

கரி அடுப்பு ஒரு எமன்

ஹீட்டருக்குப் பயந்து சிலர் இரும்புச் சட்டியில் கரியைப் பற்ற வைத்துப் படுக்கை அறையில் வைத்துக்கொள்கிறார்கள். கதவையும் சாத்திவிடுகிறார்கள். இதைப்போல் ஆபத்து வேறு இல்லை. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வருகிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இப்படி இறந்தவர்களைப்பற்றிப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். மூடிய அறையில் கரி நெருப்பு வேண்டவே வேண்டாம்.

சாராயமும் அப்படித்தான். குடித்தால் தோல் சூடாவதுபோல் இருக்கும். ஆனால், உடம்பின் உள்சூடு வெளியே போய்விடும்.

என்ன செய்யலாம்?

பிள்ளைகளே! “எப்படி இருக்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “ராத்திரி ஹீட்டர் எத்தனை மணி நேரம் எரிந்தது?” என்று கேளுங்கள். மின் கட்டணத்தை நீங்களே கட்டிவிடுங்கள். பணமாக அனுப்பினால் அதைப் பேரனுக்கு என்று எடுத்து வைத்துவிடுவார்கள்! கதவு இடுக்கையும் ஜன்னல் சந்தையும் அடைக்க ஆள் வையுங்கள். சுவரில் ஒரு வெப்பமானி மாட்டுங்கள். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

பெரியவர்களே! விடியற்காலைக் குளியலும் நடையும் வெயில் வந்த பிறகு இருக்கட்டும். ஒரே தடித்த கம்பளியைவிட, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு, மூன்று உடைகள் நல்லது. தலைக்குக் குல்லா, காலுக்கு சாக்ஸ் மறக்கவேண்டாம். வெந்நீரை அடிக்கடி குடியுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.

அக்கம்பக்கத்தாரே! எட்டு மணி ஆகியும் பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்தால் கதவைத் தட்டுங்கள். பேச்சுக் குளறினாலும், தெளிவு இல்லாமல் தூங்கி வழிந்தாலும் வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். உடம்பின் சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அப்படித்தான் ஆகும். கம்பளியால் போர்த்திவிட்டு 108-க்கு உடனே சொல்லுங்கள்.

கணவனும் மனைவியும் ஒருவருக்கு ஒருவர் காவலாக இருக்கும் வரையில் எப்படியோ நாள் ஓடிவிடும். இருவரில் ஒருவர் போய்விட்டால், “சாக்ஸ் போட்டியா?” என்று கேட்க ஆள் இல்லை. அந்த வீட்டுக்குத்தான் நாம் முதலில் போகவேண்டும்.

ஊட்டி மட்டும் அல்ல. மார்கழிக் குளிர் ஒசூரிலும் ஏற்காட்டிலும் இருக்கிறது. உங்கள் தெருவிலும் இருக்கலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் தாய் தந்தையின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். “பழகிப்போச்சு” என்று வாய் சொல்லும். கை உண்மையைச் சொல்லிவிடும்.