ஊர் சுற்றுகிறவர்கள்

'ஊர் சுற்றுகிறான்' என்பது தமிழில் ஒரு வசை. 'ஊர் சுற்றுகிறாள்' என்பது அதைவிடப் பெரிய வசை. அதே காரியத்தைச் சொந்தக் காரில், விடுதியில் அறை எடுத்துச் செய்தால் அதற்குச் சுற்றுலா என்று பெயர். நம் இலக்கிய நண்பர்கள் செய்தால் 'பண்பாட்டுப் பயணம்' என்று இன்னும் கௌரவமான பெயர் கிடைத்துவிடுகிறது. சொல் மாறுவதற்குப் பணம்தான் காரணம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தருமபுரி மாவட்டத்தில் வைத்துப் பார்த்தால் அந்த விளக்கம் போதவில்லை.

நான்கைந்து நண்பர்கள், ஆணும் பெண்ணுமாக, கையில் சில நூறு ரூபாயுடன் ஒரு வாரம் இம்மாவட்டத்தைச் சுற்ற முடியுமா? தாராளமாக முடியும். காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்பினால் அறை வாடகை இல்லை. கட்டிக்கொண்டு போகும் புளிச்சோறு மதியத்துக்குப் போதும். 'ஒகேனக்கல்லை விட்டால் தருமபுரியில் பார்க்க என்ன இருக்கிறது?' என்று கேட்பவர்கள் தருமபுரி நகரில் இருக்கும் அகழ்வைப்பகத்துக்கே போனதில்லை என்று பொருள். அங்குள்ள நடுகற்களின் முன்னால் ஒரு முற்பகலைக் கழிக்கலாம். கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கப் போய் இறந்தவனுக்கு அவன் ஊரார் நட்ட கல் அது. அரசனின் பெயர் மேலே இருக்கும். ஆனால் கல் அரசனுக்கானது அல்ல. பெரிய கோயில்களின் மெய்க்கீர்த்திகளைப் படித்துப் பழகிய கண்ணுக்கு இந்தச் சிறிய கற்கள் வேறொரு வரலாற்றைச் சொல்லும்.

மறுநாள் அதியமான்கோட்டை. சேலம் சாலையில் கொஞ்ச தூரம்தான். சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தின் விதானத்தில் இராமாயண, மகாபாரத ஓவியங்கள் இருக்கின்றன. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். இன்னொரு நாள் அரூர்ப் பக்கம் போய்த் தீர்த்தமலை ஏறலாம். பாப்பாரப்பட்டிக்கு ஒரு நாள். சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று இறந்தது அங்கேதான். சிறையில் பற்றிய தொழுநோயைக் காரணம் காட்டி ரயிலில் செல்ல அவருக்குத் தடை விதிக்கப்பட்டபோது, அந்தப் புண்பட்ட கால்களோடு நடந்தே ஊர் ஊராகச் சென்று பேசிய மனிதர் அவர். யார் எந்த வண்டியில் ஏறலாம், யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதெல்லாம் இந்நாட்டில் ஒருபோதும் வெறும் போக்குவரத்து விஷயமாக இருந்ததில்லை.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அறிவிக்கப்பட்டபோது எழுந்த முணுமுணுப்பை நினைத்துப் பாருங்கள். 'வேலைக்குப் போகிறவளுக்குச் சரி, சும்மா சுற்றுகிறவளுக்கும் எதற்கு?' 2022 செப்டம்பரில் அன்றைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி மேடையிலேயே 'ஓசி' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். கண்டனங்கள் எழுந்தன. ஆனால் கண்டித்தவர்களும், அப்பெண்கள் பூக்கட்டவும் வீட்டு வேலைக்கும் செல்கிறார்கள் என்றுதான் வாதாடினார்கள். எனக்கு அந்த வாதத்தில் உடன்பாடில்லை. ஒரு பெண் எந்த வேலையும் இல்லாமல், தோழியோடு தீர்த்தமலை பார்க்கப் போனால் என்ன? ஆண் காலங்காலமாக டீக்கடை பெஞ்சில் செலவில்லாமல் செய்து வருவதைத்தானே அவள் பேருந்தில் செய்கிறாள்?

இந்த மண்ணுக்கு இது புதிதும் அல்ல. தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் ஆண்ட ஊர். அங்கே வந்து தங்கி, உண்டு, குடித்து, அரசனோடு நட்புப் பாராட்டியவள் ஔவை. அவன் மறைந்தபின் அவள் பாடிய கையறுநிலைப் பாட்டு முதலில் நினைவுகூர்வது அவன் வென்ற போர்களை அல்ல. சேர்ந்து கள் குடித்ததையும் சோற்றைப் பகிர்ந்ததையும்தான். கையில் காசில்லாமல் ஊர் ஊராய் நடந்த பாணரையும் விறலியரையும் நீக்கிவிட்டால் சங்க இலக்கியத்தில் எவ்வளவு மிஞ்சும்? எந்த வழியாகப் போகலாம், எங்கே என்ன உணவு கிடைக்கும் என்று எதிரே வருகிறவனுக்குச் சொல்வதையே ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையாக்கினோம். பிள்ளைகளுக்குப் பாடத்தில் அதை வைத்துவிட்டு, அவர்கள் வெளியே கிளம்பினால் வசைபாடுகிறோம்.

வசையின் வேர் சிக்கனத்தில் இல்லை. 2012 நவம்பர் 7 அன்று, சாதி கடந்த ஒரு திருமணத்தையும் மணப்பெண்ணின் தந்தை இறந்ததையும் தொடர்ந்து, நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டீ-சர்ட்டும் கூலிங்கிளாஸும் அணிந்து பெண்களை மயக்குகிறார்கள் என்று பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் அக்காலத்தில் பேசினார். 'நாடகக் காதல்' என்ற சொல் பரப்பப்பட்டது. அந்தக் குற்றச்சாட்டில் எங்கும் குற்றம் என்று ஒன்று இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒருவன் நன்றாக உடுத்துகிறான், வெளியே வருகிறான், பேசுகிறான். அவ்வளவுதான்.

மலிவான பயணம் ஊர்க்கண்ணில் படும் பயணம். காரின் கறுப்புக் கண்ணாடிக்குள் யார் யாரோடு போகிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவனிடம்தான் 'எந்த ஊரு, யார் வீட்டுப் பையன்?' என்று தொடங்குவார்கள். தருமபுரியில் வளர்ந்த எவருக்கும் அது எதை அறியக் கேட்கப்படும் கேள்வி என்று தெரியும். பதிலைச் சொல்லிவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது. ஆகவே வசதியுள்ளவர்களுக்கு நட்பு தனிப்பட்ட விஷயமாக இருக்கிறது. இல்லாதவர்களுக்கு அது தெரு விசாரணைக்கு உரியதாகிறது. காசு சேரட்டும், பிறகு சுற்றிக்கொள்ளலாம் என்று இளைஞர்களுக்குப் புத்தி சொல்லும் பெரியவர்கள் உண்மையில் அந்த விசாரணைக்குத்தான் ஆள் பிடிக்கிறார்கள்.

வாரத்தின் கடைசி நாளை ஒகேனக்கல்லுக்கு ஒதுக்கலாம். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கி.மீ. வாரத்தின் பெருஞ்செலவு இதுதான். பரிசல் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். வெயிலில் துடுப்புப் போடுகிறவரிடம் பேரம் பேச வேண்டாம். மீனை வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தரும் பெண்கள் ஆற்றோரத்தில் இருக்கிறார்கள். நீர்வரத்து கூடினால் குளிக்கவும் பரிசலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். கிளம்புமுன் விசாரித்துவிடுவது நல்லது.

சுற்றுலாவை வளர்க்கிறோம் என்கிறவர்கள் பொழுதுபோக்குப் பூங்காவும் நுழைவுச்சீட்டும் கேட்கட்டும். நான் கேட்பது சிறியது. சிற்றூர் நிறுத்தங்களில் பெண்கள் நுழையக்கூடிய கழிப்பறை. இருட்டிய பிறகும் எரிகிற ஒரு விளக்கு. தீர்த்தமலையிலிருந்தும் பாப்பாரப்பட்டியிலிருந்தும் தாமதமாகப் புறப்படும் ஒரு நகரப் பேருந்து. மற்றபடி அந்தப் பிள்ளைகளிடம் யாரும் எதுவும் கேட்காமல் இருந்தால் போதும்.