ஆட்சேபனை இருக்கா?

எங்கள் ஊரில் ஒரு குடும்பத்தைத் தள்ளிவைக்க யாரும் கை ஓங்க வேண்டியதில்லை. திருவிழா வரியை வாங்க மறுத்தால் போதும். பெரியப்பா மகள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்ட வருடம், பெரியப்பா வரிப்பணத்தோடு மந்தையில் நின்றார். “இந்த வருஷம் ஒங்க வரி வேணாம்ணே” என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். மறுநாளிலிருந்து கடையில் அவருக்குச் சாமான் இல்லை. பால் ஊற்ற ஆள் வரவில்லை. அப்பத்தா செத்தபோது தூக்க வெளியூரிலிருந்து ஆள் கூட்டி வந்தோம்.

“ஊர் கூடி எடுத்த முடிவு. பெரும்பான்மை சொன்னா கட்டுப்படறதுதானே ஜனநாயகம்?” இப்படிக் கேட்டது ஊர்ப் பெரியவர் யாருமில்லை. திண்டுக்கல்லில் என்னோடு படித்தவன், நிறைய வாசிக்கிறவன், ‘மண்ணின் வாழ்வியல்’ என்றெல்லாம் எழுதுகிறவன். அவனுக்குத்தான் இந்தப் பதில்.

முதலில் கணக்கையே பார்ப்போம். அன்றைக்கு மந்தையில் ஒரு பெண்கூட இல்லை. ஊரில் பாதி அங்கேயே கழிந்துவிட்டது. காலனியைக் கூப்பிடவே இல்லை. மிச்சமிருந்தவர்களில் பேசியது நாலைந்து பேர். கடைசியில் “யாருக்கும் ஆட்சேபனை இருக்கா?” என்று கேட்டார்கள். பேசாமல் உட்கார்ந்திருந்த எல்லாரையும் ஆமோதித்ததாகச் சேர்த்துக்கொண்டார்கள். அப்படிச் சேர்க்கப்பட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். கூடப்பிறந்த தம்பி.

மில் என்றால் வேடசந்தூர் பக்கம் நூல் மில்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது ஜான் ஸ்டூவர்ட் மில். 1859ல் ‘சுதந்திரம் பற்றி’ என்று ஒரு நூல் எழுதினார். அரசாங்கத்தின் கொடுமையைவிடச் சமூகத்தின் கொடுமையிலிருந்து தப்பிப்பது கஷ்டம், அது அன்றாட வாழ்க்கைக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது என்கிறார். பால்காரர் வராத காலையில் பெரியப்பா வீட்டுக் குழந்தைக்கே இது விளங்கியிருக்கும். மற்றவருக்குத் தீங்கு வராமல் தடுக்க மட்டுமே ஒருவரைக் கட்டாயப்படுத்தலாம் என்பது மில் போட்ட கோடு. அக்கா கல்யாணத்தால் ஊரில் யாருக்கு என்ன நஷ்டம்? “மனசு புண்பட்டுருச்சு” என்றார்கள். மில் கணக்கில் அது தீங்கில் சேராது.

மில் மேல் எனக்குக் கோபமும் உண்டு. 35 வருஷம் கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பளம் வாங்கியவர். பின்தங்கிய சமூகங்களுக்கு இந்தச் சுதந்திரம் பொருந்தாது என்று அதே புத்தகத்தில் எழுதினார். நம்மையும் சேர்த்துத்தான். “இதெல்லாம் வெள்ளக்காரன் சரக்கு, நம்ம மண்ணுக்கு ஒத்துவராது” என்று நண்பன் சொன்னபோது சிரிப்பு வந்தது. அந்த வெள்ளைக்காரரும் அதையேதான் சொன்னார்!

அதை ஒத்துவர வைத்தவர் அம்பேத்கர். 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில், அரசியலமைப்பின் அலகாகக் கிராமத்தைக் கைவிட்டுத் தனிமனிதரை எடுத்துக்கொண்டதில் தனக்கு மகிழ்ச்சி என்றார். சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது. கிராமமே எல்லாம் என்ற கனவில் 1947ல் தொடங்கியது. சௌந்தரம் அம்மையார் அங்கே செய்த வேலைகளை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஊரே அலகு என்றால், ஊர் தள்ளிவைத்த ஆள் யாரிடம் போவது? அந்தக் கனவில் இதற்குப் பதில் இல்லை. எங்கள் ஊரில் இன்றும் அலகு தலைக்கட்டுதான். கல்யாணமான ஆம்பளைக்கு ஒரு தலைக்கட்டு, ஒரு வரி.

ரகசிய வாக்கெடுப்பு வைத்தால் சரியாகிவிடுமா? உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாப்பட்டியையும் கீரிப்பட்டியையும் பாருங்கள். தலித்துகளுக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவி 1996லிருந்து பத்து வருஷம் நிரம்பவே இல்லை. வேட்புமனு போட ஆளிருக்காது. ஆளிருந்தால் ஜெயித்த கையோடு ராஜினாமா. ஓட்டுப்பெட்டியை வைத்தே ஓட்டைத் தோற்கடித்தார்கள். 2006ல்தான் அது முடிவுக்கு வந்தது.

பெரியப்பா போலீசுக்கும் போனார். “வரி வாங்கலன்னு எஃப்ஐஆர் போட முடியுமா? பேசித் தீத்துக்கங்க” என்று அனுப்பிவிட்டார்கள். வயதுவந்த இருவரின் கல்யாணத்துக்கு ஊரின் சம்மதம் தேவையில்லை என்று 2018ல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, அக்கா திருப்பூர் போய்விட்டாள். ஊரிலேயே கிடக்கிற அப்பன் ஆத்தாளுக்கு? பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் விலக்கிவைப்பது வன்கொடுமைச் சட்டத்தின் 2015 திருத்தப்படி குற்றம். சொந்தச் சாதியே தள்ளிவைத்தால் அது உதவாது. மகாராஷ்டிரம் 2016ல் சமூக விலக்கத்துக்கு எதிராகவே தனிச் சட்டம் இயற்றியது. மூன்று வருஷம் வரை சிறை. பெரியார் மண் என்று மேடைக்கு மேடை சொல்கிற நாம் அதைக் காப்பியாவது அடித்திருக்கலாம்.

மூன்றாம் வருஷம் பெரியப்பா அபராதம் கட்டி, மந்தையில் விழுந்து கும்பிட்டுச் சேர்ந்துகொண்டார். அன்றிரவு அப்பாவிடம் கேட்டேன். “நாப்பது தலக்கட்டுல நாம ஒரு தலக்கட்டுப்பா. எந்திரிச்சு என்னத்தப் பேச?” என்றார். மற்ற முப்பத்தொன்பதில் எத்தனை பேர் அன்றைக்கு வீட்டில் இதையே சொன்னார்களோ.

போன வருடம் எனக்குக் கல்யாணம் ஆனது. இந்த வருட வரி ரசீது தனியாக என் பெயரில் வந்திருக்கிறது. பங்குனியில் மந்தை கூடும்போது இன்னொரு வீட்டு விவகாரம் வருகிறது. ஆட்சேபனை இருக்கா என்று கேட்பார்கள். இருக்கிறது என்று எழுந்து சொல்லப்போகிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.