மேலே நிற்பவர் யார்?

முத்துக்குளித்தல் தமிழருக்குப் புதிய தொழிலன்று. கொற்கை முத்தின் பெருமையைச் சங்கப் புலவர்கள் பாடினார்கள். யவனர்கள் அதனைக் கப்பலில் வந்து வாங்கிச் சென்றார்கள். தூத்துக்குடியில் அரசின் மேற்பார்வையில் நடந்துவந்த முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆனால் மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கும் ஆசை நிற்கவில்லை. பிழைப்புக்காக இருந்தது இன்று விளையாட்டாகி, ‘ஃப்ரீ டைவிங்’ என்ற பெயரோடு நம்மிடம் திரும்பி வந்திருக்கிறது. முதுகில் காற்றுக் கலம் கிடையாது. ஒரே மூச்சு; அந்த மூச்சு தீர்வதற்குள் கீழே போய் மேலே வர வேண்டும்.

கைப்பேசியில் நீலக் கடலையும், அதில் மீனைப்போல் இறங்கும் மனிதரையும் பார்த்துவிட்டு, “நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும்?” என்று நம் மாணவ நண்பர்கள் சிலர் என்னைக் கேட்கிறார்கள். சென்ற ஆண்டு நான் அதன் முதல்நிலைப் பயிற்சியை முடித்தவன் என்பதே காரணம். அடுத்த கேள்வி, “எவ்வளவு பணம்?” அதற்கடுத்தது, “எத்தனை மீட்டர் ஆழம் கூட்டிப் போவார்கள்?” இவை மூன்றும் பின்னால் கேட்க வேண்டியவை என்பது என் கருத்து. முதலில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. “நான் கீழே இருக்கும்போது மேலே யார் இருப்பார்? எனக்கு நினைவு தப்பினால் அவர் என்ன செய்வார்?”

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். குளிப்பவர் கல்லில் கால் வைத்து இறங்குவார். தோணியில் ஒருவர் அவருடைய கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணைத் தண்ணீரை விட்டு எடுக்காமல் நிற்பார். கயிறு அசைந்ததும் இழுத்துவிட வேண்டும். பெயரும் புகழும் குளித்தவருக்கே. உயிரோ கயிறு பிடித்தவர் கையில்! தென்கொரியாவில் ஜெஜு தீவின் ‘ஹேன்யோ’ பெண்கள் இன்றும் காற்றுக் கலமின்றி மூழ்கிச் சிப்பியும் நத்தையும் எடுக்கிறார்கள். அவர்களது மரபை யுனெஸ்கோ 2016-ல் உலகப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பாட்டியானாலும் அவர்கள் தனியே போவதில்லை; கூட்டமாகத்தான் போவார்கள்.

மேலே ஒருவர் ஏன் வேண்டும்? ஆபத்து அடியில்தானே இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. கடல்மட்டத்தில் நம்மீது 1 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் அது 2 ஆகிறது. 20 மீட்டரில் 3. கீழே போகும்போது நுரையீரல் சுருங்க, அதிலுள்ள பிராணவாயுவின் அழுத்தம் கூடுகிறது. ஆகவே அடியில் இருக்கும்வரை மூழ்குபவருக்குக் குறை ஒன்றும் தெரிவதில்லை. மேலே ஏறத் தொடங்கியதும் கணக்கு தலைகீழாகிறது. நுரையீரல் விரிகிறது, ஏற்கெனவே செலவாகிக் குறைந்திருக்கும் பிராணவாயுவின் அழுத்தமும் சரசரவென்று விழுகிறது. கடைசிப் பத்து மீட்டரில் அந்த வீழ்ச்சி மிகக் கடுமை. பெரும்பாலான மயக்கங்கள் அங்கேதான் நேர்கின்றன. தலை வெளியே வந்து, ஒரு மூச்சு இழுத்து, சிரித்துவிட்டுக்கூட மயங்கியவர்கள் உண்டு. ஆகவேதான் மேலே வந்த பிறகும் 30 நொடி அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கற்பிக்கிறார்கள்.

இன்னொன்று. நம் ஊர்க் குளத்திலும் நீச்சல் குளத்திலும் பையன்கள் பந்தயம் கட்டி முங்குமுன் ‘புஸ், புஸ்’ என்று பத்துப் பதினைந்து தடவை வேகமாக மூச்சு வாங்குவார்கள். அதனால் பிராணவாயு நிறையச் சேரும் என்று நம்பிக்கை. இரத்தம் ஏற்கெனவே ஏறக்குறைய முழு அளவு பிராணவாயுவைச் சுமந்துகொண்டிருக்கிறது. புதிதாக ஏறுவது அற்பம். வெளியே போவது கரியமிலவாயு. மூச்சு விடச் சொல்லி நம்மை உறுத்துவது இந்தக் கரியமிலவாயுதான். காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றது இது. உறுத்தல் வருவதற்குள் நினைவு போய்விடும். அமெரிக்காவின் மருத்துவர் ஆல்பர்ட் கிரேக் 1961-லேயே இதை எடுத்து எழுதினார். இறங்குமுன் வேகமாக மூச்சு வாங்கச் சொல்லும் ஆசிரியர் எவராயினும், அவர் சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்கினாலும், அங்கிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

இந்த விளையாட்டின் வரலாற்றில் இரண்டு மரணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ‘அய்டா’ என்னும் சர்வதேச அமைப்பு 1992-ல் தோன்றியது. அதன் போட்டிகளில் 100 மீட்டருக்குக் கீழேயும் போய் வந்திருக்கிறார்கள். அங்கே நேர்ந்த முதல் மரணம் 2013 நவம்பரில், பஹாமாஸ் தீவில், அமெரிக்கரான நிக்கொலஸ் மெவோலியினுடையது. நுரையீரல் காயமே காரணம். இரண்டாவது, ரஷ்யாவின் நடாலியா மொல்சனோவாவினுடையது. எடையை மாற்றாமல் துடுப்பால் நீந்தி இறங்கும் பிரிவில், பெண்களில் முதன்முதலாக 100 மீட்டரைத் தாண்டியவர். அசையாமல் 9 நிமிடத்திற்கு மேல் மூச்சை அடக்கியவர். அவர் 2015 ஆகஸ்டில் ஸ்பெயின் நாட்டின் ஃபொர்மென்டெரா தீவருகே, போட்டி ஒன்றும் இல்லாத ஒரு சாதாரண நாளில் மூழ்கினார், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கயிறும் காவலும் இருந்த இடத்தில் அத்தனை ஆண்டுகளாக உயிர்ச்சேதம் இல்லை. அவை முழுமையாக இல்லாத ஓரிடத்தில் உலகின் தலைசிறந்த வீராங்கனையே மறைந்தார். முதல் வகுப்பு மாணவர்களாகிய நாம் எம்மாத்திரம்?

சேர்வதற்கு முன் நான் இரண்டு பயிற்சி நிலையங்களை விசாரித்தேன். ஒன்றில், “முன்பணம் அனுப்புங்கள், கால் அளவு சொல்லுங்கள்” என்றார்கள். கால் அளவு காலில் மாட்டும் துடுப்புக்காக! இரண்டே நாளில் 20 மீட்டர் உறுதி, படமும் எடுத்துத் தருவோம் என்றும் சொன்னார்கள். மற்றொன்றிலிருந்து முதலில் வந்தது ஒரு மருத்துவப் படிவம். ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, இதயக் கோளாறு உண்டா, காதில் அறுவை நடந்ததா என்று கேள்விமேல் கேள்வி. ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் மருத்துவரின் கையெழுத்து வேண்டும். 200 மீட்டர் நிற்காமல் நீந்த முடியுமா என்றும் கேட்டார்கள். 20 மீட்டரைப் பற்றி நானே கேட்டபோது, “அது உங்கள் காதைப் பொறுத்தது” என்று பதில் வந்தது. நான் அங்கே சேர்ந்தேன்.

காதைப் பற்றி அவர் சொன்னது முற்றிலும் சரி. புதியவரை நிறுத்துவது பெரும்பாலும் மூச்சன்று, செவிப்பறை. இரண்டு மூன்று மீட்டரிலேயே காது வலிக்கத் தொடங்கும். மூக்கைப் பிடித்துக் காற்றைக் காதுக்கு அனுப்பி அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். மார்பை இறுக்கி ஊதும் ‘வல்சால்வா’ முறை தலைகீழாக இறங்கும்போது விரைவில் கைவிட்டுவிடும். நாக்கால் காற்றைத் தள்ளும் ‘ஃபிரென்ஸல்’ முறையைக் கரையிலேயே பொறுமையாகப் பழக வேண்டும். சிலருக்கு ஒரு மணியில் வரும், சிலருக்கு ஒரு மாதம் ஆகும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வலியோடு இறங்கினால் செவிப்பறை கிழியும். ஆகவே ஆழத்தை முன்கூட்டியே உறுதி சொல்பவர் உங்கள் காதைப் பார்க்காமலே உங்கள் காதுக்கு வாக்குக் கொடுக்கிறார் என்று பொருள்.

மூன்று நாள் பயிற்சியில் நான் கீழே இருந்த நேரத்தை எல்லாம் கூட்டினால் அரை மணி தேறாது. மீதி நேரம் மிதவையைப் பிடித்துக்கொண்டு அடுத்தவருக்குக் காவல். ஒருவர் இறங்கினால் மற்றவர் மேலே. அவர் ஏறி வரும்போது இவர் சில மீட்டர் இறங்கி எதிர்கொண்டு, முகத்தைப் பார்த்தபடி உடன் வர வேண்டும். மயங்கியவர்போல் நடிப்பவரை மேலே கொண்டுவந்து, வாய் தண்ணீரில் படாமல் தாங்கி, முகக்கண்ணாடியைக் கழற்றி, கண்ணருகே ஊதி, கன்னத்தைத் தட்டி, பெயர் சொல்லி “மூச்சை இழு” என்று கூப்பிட வேண்டும். கை சோரும்வரை இதையே செய்யச் சொன்னார் ஆசிரியர். என்னோடு வந்த ஒருவர், கொடுத்த காசுக்கு இதுவா என்று முணுமுணுத்தார். கொடுத்த காசு இதற்குத்தான் என்பேன்.

மற்றவை சுருக்கமாகவே சொல்லத் தக்கவை. கடலில் ஓர் ஆசிரியருக்கு நான்கு மாணவருக்கு மேல் கூடாது. இடுப்பில் கட்டும் ஈயக் கட்டி, மேலே மூச்சை வெளியே விட்டாலும் மிதக்கும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். சீக்கிரம் இறங்கட்டும் என்று கூட்டிக் கட்டுபவர் நம்மைச் சீக்கிரம் ஏற விடமாட்டார். படகில் பிராணவாயுக் கலம் இருக்கிறதா, அருகே எந்த மருத்துவமனை என்று கேட்டுவிடலாம். அய்டா, பாடி, எஸ்.எஸ்.ஐ. ஆகிய அமைப்புகளில் எதன் அட்டையானாலும் முதல்நிலைக்குப் பெரிய வேறுபாடில்லை. அட்டையைவிட ஆசிரியர் முக்கியம். அவருடைய உரிமம் இந்த ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டதா என்பதை அந்தந்த அமைப்பிடமே சரிபார்க்கலாம். பாடங்களைக் கைப்பேசியில் படிப்பதில் தவறில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு தனியே மூச்சடக்கிப் பழகுவதிலும் தவறில்லை. தண்ணீரில் தனியே கூடாது. குளியல் தொட்டியானாலும் கூடாது.

முடிந்தால் நண்பர் ஒருவரோடு சேர்ந்து போங்கள். பயிற்சி முடிந்து ஊர் திரும்பிய பின், காவல் நிற்கத் தெரிந்த துணை இல்லாவிட்டால் கற்றது பெட்டிக்குள் கிடக்கும். எனக்கு அந்தத் துணை இன்னும் இந்த ஊரில் வாய்க்கவில்லை. ஆகவே இறங்காமல் இருக்கிறேன்.

பணம் கட்டுமுன் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று கடல் சரியில்லை என்றால் பணம் என்ன ஆகும்? சோழமண்டலக் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்துக் கலங்கிக் கிடக்கும். அந்த நாட்களில் பயிற்சியைத் தள்ளிவைத்து வேறு தேதி தருபவரும் உண்டு. கட்டிய பணம் திரும்பாது என்பவரும் உண்டு. பின்னவர் சிவப்புக் கொடி பறக்கும் நாளிலும் உங்களை இறக்கப் பார்ப்பார். எனக்கே இருமுறை தேதி தள்ளிப் போயிற்று. மாசி மாதத்தில்தான் இறங்கினேன்.